உனக்கு எதிராக நான் எழுதிய மனு

அன்புள்ள தம்பி,

நீ பஸ் ஏறிப் போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது உன் அம்மா இல்லை, நான்தான். எந்நாளும் அரை மணி, முக்கால் மணி தாமதமாக வந்து உயிரை வாங்குகிற கும்பகோணம் பஸ் அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்து நின்றது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாய். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. கோபம் உன் மேல் இல்லை, அந்த டிரைவர் மேல். இன்னும் பத்து நிமிஷம் நீ என் பக்கத்தில் நிற்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றிருந்தால் என்ன பேசியிருப்போம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. மழை வருமா என்று நீ கேட்டிருப்பாய், வரும் என்று நான் சொல்லியிருப்பேன். அதுவும் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் வள்ளென்று விழுந்தேன். அவள் பாட்டுக்கு நீ சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உன் அக்கா மகளுக்குக் காது குத்து என்று வந்தாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிட்டாய். சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மெட்ராஸ்ல அப்படி என்ன கலெக்டர் உத்தியோகம்? தாய்மாமன் நாலு நாள் இருக்கக் கூடாதா?" என்று உன் அத்தை கேட்டாள். வேலை பார்க்கிற இடத்தில் விட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அது பொய். ஜேசிபி பட்டறையில் உன் முதலாளி ஒரு வாரம் போய்வா என்றுதான் சொல்லியிருந்தார். உன்னை விடாதது ஒரு மாத்திரை. தினமும் காலையில் அந்த மையத்துக்குப் போய், நர்ஸ் கண் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிற மாத்திரை. அது கிடைத்தால் உன் உடம்பு போதை ஊசியைக் கேட்காது. ஊருக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினால் இரண்டு நாளுக்கு மட்டும் கையில் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் நீ அந்த வரிசையில் நின்றாக வேண்டும். நம் ஊரிலிருந்து தினம் போய்வருகிற தூரத்தில் அப்படி ஒரு வரிசை இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நகல் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகிறது, இன்னொன்று கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு சேர்த்துப் போகிறது. உனக்கு எதிராக நான் செய்ததை ஊரறியச் செய்தேன். மன்னிப்பை மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி கேட்டால் அது நியாயம் ஆகாது. போனில் உன்னைக் கேட்டபோது, "எழுதுங்கப்பா. பேரப் போட்டுக்கூட எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். பேரைப் போடவில்லை. ஊருக்குத்தான் தெரிந்துவிட்டதே. கலெக்டர் ஆபீசில் பைலைப் புரட்டுகிற யாரோ ஒருவருக்கு உன் பேர் எதற்கு?

நீ கதிர் அறுக்கிற மெஷின் ஓட்டப் போனபோது நான் எப்படித் தலை நிமிர்ந்து நடந்தேன் என்று உனக்குத் தெரியாது. பாலிடெக்னிக் முடித்த கையோடு சாவியைக் கையில் வாங்கினாய். நாகப்பட்டினம் பக்கம் ஆரம்பித்து, அறுவடை போகிற வழியெல்லாம் மெஷினோடு போய், இரண்டு மாதம் கழித்துக் கறுத்துப்போய் வந்து நின்றாய். அந்தச் சீட்டில் நாள் முழுக்கக் குலுங்கிக் குலுங்கி இடுப்பு விட்டுப்போயிற்று என்று நீ சொன்னபோது, "எங்க காலத்துல குனிஞ்சு அறுத்தோம், நீ உக்காந்து அறுக்கற, இதுக்குப் போயி இடுப்பு வலியா?" என்று கிண்டல் செய்தேன். கூட ஓட்டுகிறவர்கள் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினாய். பிறகு மாத்திரையை விழுங்குவது போதவில்லை, ஊசிக்குப் போனாய். இதெல்லாம் எனக்கு வெகுநாள் தெரியாது. கண் சொருகி, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் நீ திரிந்தபோது குடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் வாய் அருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். வாடை இல்லை என்றால் நிம்மதியாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். அவ்வளவு புத்திசாலி உன் அப்பன்.

விதை நெல் விஷயத்தில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். கதிர் சீராக நிற்கிற இடமாகப் பார்த்து அறுத்து, தனியாக அடித்து, காயவைத்து, நொச்சி இலை போட்டு டிரம்மில் கொட்டி, மூடியைச் சுற்றிச் சாணத்தால் மெழுகிவிட்டால் அதற்குப் பிறகு விதைக்கிற அன்றுதான் திறப்பேன். கால் கழுவாமல் அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. உன் அம்மாவையே திட்டியிருக்கிறேன். எப்போதும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர ஆடி ஆகிவிடும். அந்த வருஷம் மேட்டூரில் நேரத்தோடு திறந்து, வாய்க்காலில் தண்ணீர் முன்னதாகவே வந்துவிட்டது. நானும் வழக்கத்தைவிட முன்னதாக விதை ஊறப் போடலாம் என்று மூடியைத் திறந்தேன். சாணப் பூச்சு ஒரு பக்கம் புதிதாக இருந்தது. எலி நோண்டியதை உன் அம்மா பூசியிருப்பாள் என்று நினைத்துக் கையை விட்டேன். பிளாஸ்டிக் பை ஒன்று அகப்பட்டது. உள்ளே உறை பிரிக்காத ஊசிகள், பஞ்சு, ஒரு சின்ன ஸ்பூன்.

தம்பி, அன்று நான் உன்னைக் கேட்ட முதல் கேள்வி இன்னும் என்னைப் படுத்துகிறது. "உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "ஏண்டா, வெத நெல்லுலயாடா வப்ப?" என்றுதான். நீ தூணில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அங்கதாம்பா ஈரம் படாது. யாரும் தொட மாட்டீங்க. சுத்தமா இருக்கும்னு வச்சேன்." அந்தப் பதிலில் எத்தனை விஷயம் இருந்தது! இந்த வீட்டிலேயே அழுக்குப் படாத இடம் எது என்று யோசித்து வைத்திருக்கிறாய். அடுத்தவன் ஊசியைத் தொடாமல் உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறாய். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. விதை தீட்டுப்பட்டுவிட்டது என்று குதித்தேன். அவ்வளவு நெல்லையும் அவித்து மாட்டுக்குப் போட்டேன். நாற்றங்காலுக்கு வேளாண் டெப்போவில் விதை வாங்கினேன். அந்தப் பையை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போட்டுக் கொளுத்தினேன்.

அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. நான்தான் எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் ஆயிற்றே. சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், மருந்துக் கடை வைத்திருக்கிறவரிடம் உன் அடையாளத்தைச் சொல்லி, ஊசி கேட்டால் கொடுக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு கடையிலும் சொன்னேன். நல்ல மனிதர்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஊசியே இல்லை என்றால் எதைக் குத்திக்கொள்வான் என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நாலைந்து மாதம் கழித்து உன் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று நாங்களாகவே முடிவு செய்து, வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். உப்பில்லாமல் ஆக்கிப்போட்டோம். நீயும் கொடுத்ததைக் குடித்தாய்.

தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். சின்னப் பெண், உன் அக்கா வயது இருக்கும். ஈரலைத் தின்கிற கிருமி, ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போட்டால் வருவது என்றார். நான் விறைப்பாகச் சொன்னேன்: "அதுக்கு வழியே இல்லீங்கம்மா. ஊசி எல்லாத்தையும் நானே கொளுத்திட்டேன். கடையிலயும் குடுக்க வேணாம்னு சொல்லிவச்சிருக்கேன்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வேற யாரோ போட்டதத்தான் போட்டிருக்காருங்க ஐயா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நல்லவேளை, மூன்று மாத மாத்திரையில் அந்தக் கிருமி போயிற்று. போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

இதுவரைக்கும் சொன்னதைத் தெரியாமல் செய்த தப்பு என்று நீ மன்னித்துவிடுவாய். உன் சுபாவம் அது. அடுத்தது தெரிந்தே செய்தது. நீ அந்த ஈரல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் சுகாதாரத் துறையிலிருந்து மூன்று பேர் நம் ஊருக்கு வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்பக்கம் சும்மா கிடக்கிற அறையைக் கேட்டார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம், ரத்தம் சோதிப்போம், தயாராகிறவர்களுக்குத் தினமும் மாத்திரை கொடுப்போம், எல்லாம் அரசாங்கச் செலவு என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் நான். டாக்டரம்மா சொன்னது என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. உனக்காகவே கட்டி எடுத்து வந்த மாதிரி இருந்தது அந்த ஏற்பாடு.

அதை எதிர்த்து மனு எழுதியது நான்தான். வாய்க்கால் தூர்வாரவும், டிரான்ஸ்பார்மர் மாற்றவும், முறை வைத்துத் தண்ணீர் விடவும் முப்பது வருஷமாக இந்த ஊருக்கு மனு எழுதுகிற கை இது. எங்கே அடித்தால் ஆபீசர் அசைவார் என்று எனக்குத் தெரியும். வருங்காலத் தலைமுறை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெண்களின் பாதுகாப்பு என்று இரண்டு பக்கம் எழுதினேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். உண்மைக் காரணம் அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. சுகாதார நிலையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. நீ அங்கே வரிசையில் நிற்பாய். பால் ஊற்றப் போகிறவன், உரக்கடைக்குப் போகிறவன் எல்லாரும் பார்ப்பார்கள். இன்னார் மகன் என்பார்கள். அவ்வளவுதான் காரணம். அந்த மனுவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ படித்துக்கொண்டிருந்தாய். மடித்து என் கையில் கொடுத்து, "நல்லா எழுதியிருக்கீங்கப்பா" என்றாய். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை. மனு போனதும், வேறு இடம் பார்க்கிறோம் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் போய்விட்டார்கள். பத்து நாளில் நீ சென்னைக்குப் போனாய். அங்கே ஒரு மையம் இருக்கிறதென்று அந்த மூன்று பேரில் ஒருவர்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

போன தை மாதம் உன்னைப் பார்க்க வந்தேனே, அன்று காலையில் நீ என்னை அந்த மையத்துக்குக் கூட்டிப்போனாய். போகப் பிடிக்காமல்தான் வந்தேன். அங்கே சினிமாவில் காட்டுகிற மாதிரி யாரும் விழுந்து கிடக்கவில்லை. ஆட்டோ டிரைவர் ஒருவர், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பையன், டிபன் டப்பாவோடு வேலைக்குக் கிளம்பி வந்த ஒரு பெரியவர். ரேஷன் கடை வரிசையில்கூட அதைவிட அதிகம் சண்டை நடக்கும். நர்ஸம்மா ஒவ்வொருவரையும், "சாப்பிட்டாச்சா? தூங்குனீங்களா?" என்று கேட்டார். உன்னையும் கேட்டார். உனக்கு மாத்திரை வைத்துவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அது கரைகிறவரைக்கும் நீ பேசக் கூடாது. நான் விட்டேனா? மேலண்டை வயலில் புகையான் பூச்சி விழுந்தது, பசு கன்று போட்டது, உன் சித்தப்பா வீட்டு மதில் சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய், ஒரு தடவை சிரித்தாய். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நீ எழுந்து போகாமல் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். இதை ஏன் நம் ஊரில் வேண்டாம் என்றோம், இதே பெஞ்சை நம் சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால் தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அதனால்தான் நீ போன பிறகு நடந்த காந்தி ஜெயந்தி கிராம சபையில் எழுந்து நின்றேன். எப்போதும் போல மதுக்கடையை மூடத் தீர்மானம் போட்டார்கள், குடிநீர்க் குழாய் பேசினார்கள், நடுவில் ஒருத்தர் வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்தார். "முன்னாடி நான் எழுதுன மனு ஒண்ண வாபஸ் வாங்கணும்" என்று ஆரம்பித்தேன். விதை நெல்லிலிருந்து தஞ்சாவூர் டாக்டரம்மா வரைக்கும் சொன்னேன். என் மகன் என்று சொன்னேன். உன் அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள், எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எழுந்தது ராமலிங்கம். நம் பங்காளிதான், கீழண்டை வயல்காரன். "அண்ணே, பையன நெனச்சா பாவமாத்தான் இருக்கு. அதுக்காக? தானாப் போயி குத்திக்கிட்டவனுக்கு கவர்மெண்டு ஊசி வாங்கித் தரணுமா? நம்ம வரிப்பணம்ணே அது" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. என் பழைய மனுவைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். "ராமலிங்கம், அந்தப் பெருமழை வருஷம், இதுக்கு மேல நட வேண்டாம்னு வேளாண் ஆபீசர் உன் வீடு தேடி வந்து சொன்னாருல்ல? கேட்டியா?" என்றேன். "கேக்கலதான்" என்றான். "பயிரு முழுகிச்சு. நிவாரணம் கேட்டு உனக்கு மனு எழுதுனது யாரு?" "நீங்கதாண்ணே." "அதுல, இவரு சொன்ன பேச்சக் கேக்காதவரு, இவருக்குக் குடுக்க வேணாம்னு எழுதுனனா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். முழுகின பயிருக்கு அரசாங்கம் வந்து நிற்க வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்து மறித்தவர்கள் நாம். யார் தப்பால் முழுகியது என்று அப்போது நாம் கேட்டதில்லை.

ஊசி கொடுத்தால் இல்லாத பழக்கத்தை உண்டாக்கிவிடாதா என்று வாத்தியார் ஒருவர் கேட்டார். நியாயமான பயம், எனக்கும் அது இருந்தது என்றேன். "ஆனா சார், ஊசி இல்லாமப் பண்ணிப் பாத்தவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். பழக்கம் போகல. சுத்தம்தான் போச்சு" என்றேன். நீ இன்னும் முழுக்க விடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆடியில் இரண்டு தடவை தவறினாய் என்று நீயே சொன்னதைச் சொன்னேன். தவறியபோதும் புது ஊசிதான் போட்டாய், மறுநாள் காலையில் அதே வரிசைக்குப் போய் நர்ஸிடம் சொல்லிவிட்டாய். என் மகன் உயிரோடு இருப்பது அப்படித்தான் என்றேன். அதையே உனக்கும் சொல்கிறேன், தம்பி. அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு, இருந்தாலும் அப்பன் இல்லையா, விட மனசில்லை. தவறினால் தவறியதாகப் போகட்டும், வரிசையை மட்டும் விட்டுவிடாதே. வெட்கப்பட்டு ஒரு நாள் போகாமல் இருந்தாயானால் மறுநாள் வெட்கம் இரண்டு பங்காகும். எனக்கு அந்த வெட்கத்தின் குணம் நன்றாகத் தெரியும். உன்னைவிட நான்தான் அதற்கு அதிக நாள் அடிமை.

பஞ்சாயத்துத் தலைவர் பட்டும் படாமலும் பேசினார். தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம், அறை இருக்கிறது, ஆனால் ஆளும் மருந்தும் அரசாங்கம் ஒதுக்கினால்தான் உண்டு என்றார். ஒதுக்கச் சொல்லித்தான் கலெக்டருக்கு எழுதியிருக்கிறேன். நம் ஊருக்கு மட்டும் கேட்கவில்லை, கடைமடையில் தாலுகாவுக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். இதை யாருடைய தருமத்துக்கும் விடக் கூடாது, ஆஸ்பத்திரி மாதிரி, வாய்க்கால் மாதிரி வருஷா வருஷம் பட்ஜெட்டில் எழுதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. முப்பது வருஷத்தில் என் மனுக்களில் பாதிக்குமேல் பதில் வந்ததில்லை.

கூட்டம் முடிகிற நேரம். பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கோமதி எழுந்தாள். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருகிற கோமதிதான். அவள் வாய்க்குப் பயந்து நாமெல்லாம் கூலி பேசும்போதே பம்முவோம். என் பழைய மனுவில் மூன்றாவது கையெழுத்து அவளுடையது, தானாகக் கேட்டு வாங்கிப் போட்டாள். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறாள் என்று நினைத்துக் கூசிப்போய் நின்றேன். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "ஐயா, அத எத்தன மணிக்குத் தொறப்பாங்க? எட்டு மணிக்கெல்லாம் நான் நடவுல எறங்கணும். அதுக்கு முன்னால தொறந்தாத்தான் அவனக் கூட்டிட்டு வந்து விட முடியும்."

அவள் மகன் திருப்பூரில் வேலை பார்ப்பதாகத்தான் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. அவன் இத்தனை நாளும் வீட்டுக்குள்தான் கிடந்திருக்கிறான். உன் அம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

தம்பி, அவ்வளவு நேரம் பேசினேனே, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் போனால் என்ன கேட்பார்கள், ஆதார் வேண்டுமா, அம்மா கூட வரலாமா, இங்கே திறக்கிற வரைக்கும் அவனை எங்கே கூட்டிப்போவது, ஒன்றும் தெரியவில்லை. இந்த ஊரில் அதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீதான். அவள் தினமும் நடவு முடிந்து போகும்போது நம் வாசலில் நிற்கிறாள், எதுவும் கேட்காமல் நிற்கிறாள். நேற்றும் வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகன் வருவான், அவன் உன் பிள்ளையிடமே உட்கார்ந்து பேசுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். நர்ஸம்மாவிடம் இரண்டு நாளுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடு, தம்பி. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன்.

உன் அப்பா